வயிறு எரிபவரிடம் காட்டுங்கள்

போன வாரம் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். "மேடம், ஒரு கேஸ் ரொம்ப அபூர்வமான நோய்னு எனக்குத் தோணுது. எழுதி அனுப்பறதுக்கு முன்னாடி யார்கிட்ட காட்டலாம்?"

உங்களைப் பார்த்தால் யாருக்கு வயிறு எரிகிறதோ அவரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இருவரும் சிரித்தார்கள். ஓய்வு பெற்றவள் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்று உட்கார வைத்துப் பேசுகிறேன்.

தூத்துக்குடியில் தொற்றுநோய் ஆய்வு செய்யக் கிடைத்தது ஒரு பாக்கியம். ஒரு பக்கம் துறைமுகம், உப்பளம். மறுபக்கம் தாமிரபரணி பாயும் வயல்கள். கப்பலில் வந்தவர், சங்கு குளிக்க மூழ்கியவர், சேற்றில் நின்று நாற்று நட்டவர் என்று எல்லோரும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள். புத்தகத்தில் ஒரு வரியாக மட்டுமே படித்த நோய், இங்கே இருமிக்கொண்டே நம் முன் உட்காரும். அந்த வார்டில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அதில் பெரும்பகுதி அருள் என்ற ஒருவர்மேல் பொறாமைப்படுவதில் கழிந்தது.

அருள் எனக்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தவர். சாயர்புரத்துக்காரர். வார்டுக்குள் நுழைந்தால் நேராகப் போய் நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். "என்ன அண்ணாச்சி, ராத்திரி தூங்கினியளா?" என்பார். அவ்வளவுதான். மனைவியிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அந்த மனிதர் கொட்டிவிடுவார். நான் உடன்குடிக்காரி, கருப்பட்டி வியாபாரக் குடும்பம். எனக்கும் அதே பேச்சுதான். ஆனால் நான் கேட்டால் "ஆமா டாக்டரம்மா", "இல்ல டாக்டரம்மா" என்ற இரண்டு பதில்தான் வரும். நான் அரை நாள் தேடிக் கண்டுபிடிப்பதை அவர் பேச்சுவாக்கில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். காரணம் தெரியாத காய்ச்சல்களைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கினோம். வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும், எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, விடை இல்லை. அப்படிப்பட்ட நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் படிப்பது. அந்த யோசனை என்னுடையது. முதல் வரைவை எழுதியவளும் நான். தலைமைப் பொறுப்பு அருளுக்குப் போனது. எங்கள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு அறிவு ஜாஸ்திம்மா. ஆனா நோயாளிங்க அவன்கிட்டதான் சம்மதிக்கறாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அப்படி எரிந்தது.

இசக்கியம்மாள் அந்த ஆய்வுக்குள் வந்தவர். ஆற்றங்கரைக் கிராமம், வயல் வேலை, ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. மழை வெள்ளம் வடிந்து நடவு முடிந்ததும் காய்ச்சல் பிடித்திருக்கிறது. சாயங்காலமானால் உடம்பு தூக்கிப் போடும். மூட்டெல்லாம் வலி. பாதி ஆளாக மெலிந்து வந்தார். காசநோய் இல்லை, டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை. ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை.

அருள் அழகாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இது தொற்றே அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் ஓர் அபூர்வ நோய். காய்ச்சலின் போக்கு, மூட்டுவலி, ரத்தத்தில் தாறுமாறாக ஏறியிருந்த சில அளவுகள் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, புதன்கிழமைக் கூட்டத்தில் அவர் பேசி முடித்தபோது துறைத்தலைவர் மேசையைத் தட்டினார். "இந்த வருஷம் நம்ம ஆஸ்பத்திரில இருந்து போற பெரிய கேஸ் இதுதான்" என்றார். மறுநாள் காலை அதிக அளவில் ஸ்டீராய்டு தொடங்குவதாக முடிவானது. அந்த நோய்க்கு அதுதான் மருந்து. தாமதித்தால் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக விழும் என்ற பயமும் நியாயமானதுதான்.

கூட்டம் முடிந்து எல்லோரும் அருளின் கையைக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். பிறகு சாப்பிடப் போகாமல் நேராக வார்டுக்குப் போனேன்.

அந்த அம்மாவின்மேல் இரக்கப்பட்டுப் போகவில்லை. உங்களிடம் அப்படிச் சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். அருள் கட்டிய அந்த அழகான சுவரில் ஒரு விரிசலாவது இருக்காதா என்று தேடித்தான் போனேன். மனம் அப்படி எரியும்போது கண் எப்படிப் பார்க்கும் என்பது பொறாமைப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். எதையும் சும்மா விடாது.

"தொண்டை வலிச்சதா?" என்று கேட்டேன்.

"இல்ல டாக்டரம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காய்ச்சல் ஆரம்பிச்சப்போ?"

"இல்லங்கேன். சோறு தண்ணி நல்லாத்தான் இறங்குச்சு."

அருள் சொன்ன நோயில் தொண்டை வலி பெரும்பாலும் இருக்கும். ஒரு விரிசல். ஆனால் மெல்லிய விரிசல். மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கினேன். எல்லா மூட்டும் வலிக்கிறது என்றவர், இடது முழங்காலைத் தொட்டதும் என் கையைத் தட்டிவிட்டார். மற்ற மூட்டுகளின் வலி ஒரு மாதிரி, இந்த வலி வேறு மாதிரி. அந்த முழங்கால் வலது முழங்காலைவிடச் சூடாகவும் இருந்தது. பிறகு இடது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்தேன்.

"ஏ யம்மா! அங்கன தொடாதிய!" என்று கத்தினார். "வந்ததுலேர்ந்து எத்தன கேள்வி, எத்தன அமுக்கு? நான் என்ன களவாண்டுட்டா வந்தேன்? அந்த டாக்டர் தம்பி இப்பிடியா கேப்பாவ?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் விரல் நுனியில் மண்ணீரல் தட்டுப்பட்டது. தொட்டால் கத்துகிற மண்ணீரல். எதிர்ப்புச் சக்தி நோயில் மண்ணீரல் பெரிதாகலாம். இப்படி ஓர் இடத்தில் மட்டும் சுரீரென்று வலிப்பது வேறு கதை. வந்த புதிதில் எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை என்பது தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நாள் ஓடிவிட்டது. யாரும் மறுபடி எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் விடை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். கிராமத்தில் ஒரு டாக்டர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைப் பாதி தின்றுவிட்டுத்தான் அவர் இங்கே வந்தார் என்பதும் பேச்சில் வெளிப்பட்டது. அப்படியானால் ரத்தத்தில் கிருமி வளராததற்கு அந்த மாத்திரைகளே காரணமாக இருக்கலாம்.

துறைத்தலைவரின் அறைக்குப் போனேன். அருளும் அங்கே இருந்தார். நாளைக்கு ஸ்டீராய்டு வேண்டாம், முதலில் வயிற்றை மறுபடி ஸ்கேன் எடுங்கள், முழங்காலில் ஊசி போட்டு நீரை எடுத்துப் பாருங்கள் என்றேன்.

துறைத்தலைவர் பேனாவை மூடி வைத்தார். "எல்லாம் முடிவானப்புறம் என்னம்மா இது? உனக்கு அருள் மேல இருக்கற பொறாமை இந்த ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அதை ஒரு நோயாளி மேல காட்டாதே."

அந்த நிமிடம் எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. 'ஐயோ, அப்படியெல்லாம் இல்லை சார்' என்று மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் பேச்சு முழுவதும் என் மனசைப் பற்றியதாக மாறியிருக்கும். இசக்கியம்மாளின் மண்ணீரலை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

"பொறாமைதான் சார்" என்றேன். "பொறாமைல போய்த்தான் பார்த்தேன். ஆனா அந்த வலி பொறாமை இல்ல. நீங்க வந்து விரலை வெச்சுப் பாருங்க."

துறைத்தலைவர் மூடி வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். அருள்தான் பேசினார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். என் மேல பொறாமை இல்லாம இருந்தா, இன்னிக்கு மத்தியானம் அந்தம்மாவைப் போய்ப் பார்த்திருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றேன்.

அவர் எழுந்து, துறைத்தலைவரின் மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து ஸ்கேன் அறைக்குத் தானே பேசினார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் மொத்தத் துறையும் கைகொடுத்துப் பாராட்டிய முடிவு. மாலைக்குள் அதை உடைக்க அவரே ஏற்பாடு செய்தார்.

மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் இருந்தன. தேன்கூட்டைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற மாதிரி. முழங்காலில் இருந்து வந்தது நீர் அல்ல, சீழ். இந்த ஊரில் வயல் வேலை செய்யும் சர்க்கரை நோயாளி, வெள்ளத்துக்குப் பின் காய்ச்சல், மண்ணீரலில் தேன்கூடு. இந்த நான்கையும் சேர்த்துச் சொன்னால் இன்று நீங்கள் எல்லோரும் தூக்கத்தில்கூட மெலியாய்டோசிஸ் என்று பதில் சொல்வீர்கள். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா. கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். காசநோய் மாதிரி, மூட்டுநோய் மாதிரி, எதன் மாதிரி வேண்டுமானாலும் வேஷம் கட்டும். அன்று எங்களுக்கு அது புத்தகத்தில் இருந்த ஒரு வரி. சீழில் வளர்ந்ததைச் சாதாரணக் கிருமி என்று ஒதுக்கிவிடாமல், எங்கள் சந்தேகத்தைப் பெயர் சொல்லி எழுதி ஆய்வகத்தை மறுபடி பார்க்கச் சொன்னோம். அதேதான்.

மறுநாள் காலை அந்த ஸ்டீராய்டு ஏறியிருந்தால் உடம்பில் மிச்சம் இருந்த எதிர்ப்பும் அடங்கிப்போய், கிருமி ரத்தம் முழுக்கப் பரவியிருக்கும். அருளுக்கு இது நன்றாகத் தெரியும். ஸ்கேன் எடுத்த அன்று மாலை வார்டு வாசலில் என்னைப் பார்த்தபோது அவர் நன்றி என்று சொல்லவில்லை. "நாளைக்குக் காலைல ஸ்டீராய்டு ஏறியிருக்கும் மேடம்" என்று மட்டும் சொன்னார். உதடு வெளுத்திருந்தது.

இசக்கியம்மாள் பல வாரம் ஊசி போட்டுக்கொண்டு, பல மாதம் மாத்திரை தின்று பிழைத்தார். என் கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை.

மதுரையில் ஒரு மாநாட்டில் அருள் இந்தக் கேஸைப் பேசினார். எப்படித் தவறாக முடிவெடுத்தார், எங்கே நின்று பார்த்திருக்க வேண்டும், யார் தடுத்தார் என்று என் பெயரைச் சொல்லி, ஒளிக்காமல் பேசினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தேநீர் இடைவேளையில் ஒரு பெரியவர் அவரைக் கட்டிக்கொண்டு, "தப்பை இப்படி ஒத்துக்கற டாக்டரை நான் பார்த்ததே இல்ல" என்றார். நான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சரியாகச் சொன்னவள் நான். தவறு செய்ததற்கும் கைதட்டல் அவருக்கே கிடைத்தது!

இசக்கியம்மாளும் அப்படித்தான். உடம்பு தேறி, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு வாழைத்தாரோடு பஸ் ஏறி வருவார். வந்து என் அறை வாசலைத் தாண்டிப் போய், "டாக்டர் தம்பி இருக்காவளா?" என்று கேட்பார். ஒருமுறை அருள் அவரை என்னிடம் அழைத்து வந்தார். "ஏ அம்மா, உங்களப் பிழைக்க வெச்சது இவங்கதான். நான் சொன்னத கேட்டிருந்தா நீங்க இன்னைக்கு இங்கன நிக்க மாட்டிய." இசக்கியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியும், தெரியும். மண்ணீரல அமுக்குன அம்மாதானே?" என்றார். அந்தத் தாரில் இருந்து ஒரு சீப்பை ஒடித்து என் மேசையில் வைத்தார். மிச்சம் அருளோடு போனது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அருள் பெரிய முடிவு எதையும் எனக்குக் காட்டாமல் எடுக்கவில்லை. கூட்டத்தில் வைப்பதற்கு முன்னால் என் அறைக்கு வருவார். "மேடம், இதை உடைச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு எதிரே உட்காருவார். ஒருமுறை எரிச்சலில், உமக்குத்தான் இந்த ஊரெல்லாம் நண்பர்களாச்சே, அவர்களிடம் காட்டக் கூடாதா என்று கேட்டேன். "அவங்க எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லிடறாங்க மேடம்" என்றார். "நான் ஜெயிச்சா மனசு வலிக்கறது உங்களுக்கு மட்டும்தான்."

என்னால் முடிந்தவரை உடைத்தேன். பல தடவை உடையவில்லை. சில தடவை உடைந்தது. அப்படிப் பிழைத்த சிலர் இன்றும் இந்த ஊரில் நடமாடுகிறார்கள்.

நானும் அவரிடம் போயிருக்கிறேன். உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவருக்குக் காலில் ஆறாத புண், எலும்புவரை போன பூஞ்சை. இந்தப் பக்கம் யாரும் எழுதாத வகை. அதை எடுத்துக்கொண்டு போனேன். உண்மையில், அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் போனேன். அவர் படித்துவிட்டு எழுந்து நின்றார். "மேடம், அருமை! இதை உடனே அனுப்புங்க" என்றார். அந்த முகத்தில் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நாம் ஒருவர்மேல் இத்தனை காலம் பொறாமைப்பட்டிருக்க, அவருக்கு நம்மேல் ஒரு துளிகூட வரவில்லை என்று தெரிவது இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது. அந்தக் கட்டுரையை வேறு ஊரில் இருந்த, என்னை அறவே பிடிக்காத ஒரு பேராசிரியைக்கு அனுப்பி வைத்தேன். அவர் இரண்டு இடங்களில் கிழித்து அனுப்பினார். அந்த இடங்களைச் சரிசெய்ததால்தான் கட்டுரை தாக்குப்பிடித்தது.

உங்களுக்கும் வரும். உங்களுடன் சேர்ந்தவர் உங்களுக்கு முன்னால் பெயர் வாங்குவார். அந்த எரிச்சலைக் கேன்டீனுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அது வெறும் புறம்பேச்சாகிவிடும். வார்டுக்குக் கொண்டுபோங்கள். நோயாளியின் உடம்பில் விரலை வைத்துப் பாருங்கள். கண்டதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். யாராவது 'உனக்குப் பொறாமை' என்றால், ஆமாம் என்று ஒத்துக்கொண்டு, ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இது நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது.

ஒரு நாள் காலை அருள் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்போது அவர்தான் துறைத்தலைவர். "மேடம், உடனே வர முடியுமா? ஒருத்தர் கையை எடுக்கச் சொல்லியிருக்கேன். தியேட்டர் ரெடியாகுது. நான் தப்பா இருந்தா நீங்கதான் கண்டுபிடிக்கணும்." ஆட்டோ பிடித்துப் போனேன்.

திரேஸ்புரத்து மீனவர், பெயர் சூசை. வலையில் இருந்து கெளுத்தியைக் கழற்றும்போது முள் உள்ளங்கையில் ஏறியிருக்கிறது. குடிப்பழக்கத்தால் ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர். ஒரே ராத்திரியில் கை வீங்கி, மணிக்கட்டுக்கு மேலே கருநீலக் கொப்புளங்கள். நர்ஸ் பேனாவால் போட்ட கோட்டைத் தாண்டிக் கருமை மேலே ஏறிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கடல்நீரில் வாழும் ஒரு கிருமி, கல்லீரல் கெட்டவர்களை இப்படித் தாக்கும். அருள் சொன்னது அதைத்தான். முழங்கைக்கு மேலே எடுத்தால் ஆள் பிழைக்கலாம்.

என் வாழ்நாளில் அருள் தவறாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்ட அளவுக்கு என்றுமே ஆசைப்பட்டதில்லை. மீன் முள்ளின் விஷ வீக்கமாக இருக்குமா என்று பார்த்தேன். விஷமாக இருந்தால் இந்நேரம் வடிய ஆரம்பித்திருக்கும். திறந்து கழுவினால் போதாதா என்று சர்ஜனைக் கேட்டேன். திறந்து பார்த்தாயிற்று, உள்ளே சதை செத்துவிட்டது என்று காட்டினார். விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். சூசைக்கு எதுவும் தெரியவில்லை. எங்கேயும் விரிசல் இல்லை.

அருள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி என்று தலையசைத்தேன்.

வெளியே சூசையின் மனைவி ரோஸ்லின் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அருள் பக்கத்தில் நின்று கெஞ்சிப் பேசியும் பலிக்கவில்லை. அவருடைய பேச்சு ஒருவரிடம் தோற்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னைக் கண்டதும் ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, கை இல்லாம அவரு எப்பிடிக் கடலுக்குப் போவாரு? வேற வழி இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"வேற வழி இல்ல தாயி. நேரமும் இல்ல."

அவர் கையை விட்டுவிட்டார். கண்ணில் சந்தேகம் வந்தது. "நீங்க அந்த டாக்டருக்கு வேண்டியவுகளா? வேண்டியவுகன்னா அவரு சொல்லுததத்தானே நீங்களும் சொல்லுவிய?"

"வேண்டியவளா?" என்றேன். "எனக்கு அவரக் கண்டாலே ஆகாது தாயி. எத்தனையோ வருசமா அவரு எங்கயாவது தப்பு பண்ணமாட்டாரான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னைக்கும் அதத் தேடித்தான் வந்தேன். ஒவ்வொண்ணா பாத்துட்டேன். தப்பு இல்ல."

ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிலுவை போட்டுக்கொண்டு பேனாவை வாங்கினார்.

சூசை பிழைத்தார். கடலுக்குப் போவதில்லை. திரேஸ்புரத்தில் மீன் ஏலம் கூறுகிறார். குரல் நல்ல குரல்.

அறுவை முடிந்து எல்லாம் அடங்கியபின் அருள் வராந்தாவுக்கு வந்தார். "நான் அவ்வளவு கெஞ்சியும் அந்தம்மா அசையல. நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"உங்களை எனக்குப் பிடிக்காதுன்னு சொன்னேன்."

அவர் சிரித்தார். காலையில் இருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் என்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அப்படிச் சிரிக்க வராது. நான் சிரித்தால் யாரும் சேர்ந்து சிரிப்பதும் இல்லை. ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது அதுவும் எரிந்துகொண்டுதான் இருந்தது.